தொடக்ககாலப் பிக்கப் சரக்குந்துகளில் தானியங்கிக் கியர்பெட்டி

தானியங்கிக் கியர்பெட்டி என்பது, ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியரை மாற்ற வேண்டிய தேவையின்றி, வண்டியின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தானாகவே கியரை மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டு மாதிரி மகிழுந்துகளிலேயே இவ்வமைப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. எனினும் பிக்கப் எனப்படும் சிறு சரக்குந்துகளில் அது 1953 ஆம் ஆண்டளவிலேயே இடம்பெற்றது. அதன் பின்னரும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு மேல் மிகச் சிலரே அதனை விரும்பி வாங்கினர். இதனால் 1960க்கு முற்பட்ட பிக்கப் சரக்குந்துகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட தானியங்கிக் கியர்பெட்டி அரிய ஒன்றாக உள்ளது.

இவ்வரிய நிலைக்குத் தொழில்நுட்பம் இல்லாமை காரணம் அன்று. பிக்கப் சரக்குந்து அக்காலத்தில் ஒரு வேலைக்கருவியாகவே கருதப்பட்டது. அவ்வேலைக்கு அன்றைய தானியங்கிக் கியர்பெட்டிகள் பொருந்தவில்லை என்பதே முதன்மைக் காரணமாகும்.

பொருளடக்கம்
1. பின்னணி
2. தானியங்கிக் கியர்பெட்டியின் தோற்றம்
3. இயங்கும் முறை
4. பிக்கப் சரக்குந்துகளில் அறிமுகம்
5. அரிதாக இருந்தமைக்கான காரணங்கள்
6. லிவோனியா தீவிபத்து
7. நிலைமை மாறியது
8. பழைய வண்டிகளைப் பேணுதல்
9. கால வரிசை

பின்னணி

பிக்கப் சரக்குந்து என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு வண்டியாகும். தொடக்கத்தில் மகிழுந்தின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் மரத்தாலான தொட்டியை உள்ளூர்த் தச்சரைக் கொண்டு அமைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1925 ஆம் ஆண்டில் தனது 'மாடல் டி' வண்டியைத் தொழிற்சாலையிலேயே பிக்கப் தொட்டி பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது.

மாடல் டி வண்டியின் கியர் அமைப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. அதில் முன்செல்ல இரண்டு கியர்களும் பின்செல்ல ஒரு கியரும் இருந்தன. பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் முறை அதில் இல்லை. மாறாக, ஒரு மையப் பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் சுற்றிவரும் கோள்வகைப் பற்சக்கரத் தொகுதி பயன்பட்டது. ஓட்டுநர் மிதிகட்டைகளை அழுத்தும்போது, பட்டைகள் இறுகி அத்தொகுதியின் வெவ்வேறு பகுதிகளைச் சுழலவிடாமல் நிறுத்தும். பிற்காலத் தானியங்கிக் கியர்பெட்டிகளும் இதே கோள்வகைப் பற்சக்கரங்களையும் பட்டைகளையும் கொண்டே அமைக்கப்பட்டன. அவற்றில் ஓட்டுநரின் காலுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம் அவ்வேலையைச் செய்தது. எனவே ஃபோர்டின் முதல் தொழிற்சாலைப் பிக்கப் வண்டி, தானியங்கிக் கியர்பெட்டியின் அடிப்படை உறுப்பை ஏற்கனவே கொண்டிருந்தது எனலாம்.

மாடல் டிக்கு அடுத்து வந்த 'மாடல் ஏ' வண்டியில் ஃபோர்டு மூன்று கியர் கொண்ட வழக்கமான நகரும் பற்சக்கரப் பெட்டிக்கு மாறியது. அக்காலச் சரக்குந்துகளில் கியரை ஓசையின்றி மாற்றுவதற்குத் தனித் தேர்ச்சி வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். இக்குறையைப் போக்கிய ஒத்தியக்கக் கியர்பெட்டி 1928 ஆம் ஆண்டில் கேடிலாக் மகிழுந்துகளில் வந்தது. அதனை உருவாக்கியவர் ஏர்ல் தாம்சன் என்னும் பொறியாளர் ஆவார்.

தானியங்கிக் கியர்பெட்டியின் தோற்றம்

கியர் மாற்றும் வேலையை இயந்திரத்திடமே விட்டுவிடும் முயற்சி மிகப் பழையது. அமெரிக்காவின் ஸ்டர்டெவன்ட் சகோதரர்கள் 1904 ஆம் ஆண்டளவில் சுழலும் எடைகளைக் கொண்டு கியரை மாற்றும் ஓர் அமைப்பை உருவாக்கினர். அது நிலைக்கவில்லை. செருமனியைச் சேர்ந்த எர்மான் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்கென உருவாக்கிய நீர்ம இணைப்புக்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத் தானியங்கிக் கியர்பெட்டிகளின் மற்றோர் அடிப்படை இதுவாகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்சன் தலைமையிலான குழு, நீர்ம இணைப்பையும் கோள்வகைப் பற்சக்கரங்களையும் ஒன்றிணைத்து 'ஹைட்ரா-மேட்டிக்' என்னும் கியர்பெட்டியை உருவாக்கியது. இது முன்செல்ல நான்கு கியர்களைக் கொண்டது. 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துகளிலும் அடுத்த ஆண்டு கேடிலாக்கிலும் இது விற்பனைக்கு வந்தது. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிக் கியர்பெட்டி இதுவே ஆகும்.

இரண்டாம் உலகப் போரின்போது மகிழுந்து உற்பத்தி நின்றது. ஆனால் ஹைட்ரா-மேட்டிக் நிற்கவில்லை. எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி ஆகிய இலகு பீரங்கி வண்டிகளில் கேடிலாக் எஞ்சின்களுடன் இது பொருத்தப்பட்டது. பல டன் எடையுள்ள போர் ஊர்தியையே இழுக்க வல்ல கியர்பெட்டி, அரை டன் பிக்கப் வண்டியில் இடம்பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின என்பது கவனிக்கத்தக்கது.

போருக்குப் பின்னர் போட்டி தொடங்கியது. பியூக் 1948 இல் டைனாஃப்ளோவையும், பேக்கார்டு 1949 இல் அல்ட்ராமேட்டிக்கையும், செவ்ரோலெட் 1950 இல் பவர்கிளைடையும் அறிமுகப்படுத்தின. ஃபோர்டு நிறுவனம் போர்க்-வார்னர் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஃபோர்டோமேட்டிக் 1951 மாதிரிகளில் வந்தது. இவை அனைத்தும் மகிழுந்துகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அதே காலத்தில் விற்ற ஃபோர்டின் எஃப்-1 பிக்கப் வண்டியிலோ, செவ்ரோலெட் பிக்கப் வண்டியிலோ தானியங்கிக் கியர்பெட்டியைக் கேட்டாலும் பெற முடியாது.

இயங்கும் முறை

வழக்கமான வண்டியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கிளட்ச் தட்டு இணைக்கிறது. தானியங்கி வண்டியில் அவ்விடத்தில் எண்ணெய் நிரம்பிய ஓர் உறை உள்ளது. அதனுள் எதிரெதிராக இரு விசிறிகள் இருக்கும். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லாததால், வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை.

இவ்வமைப்பு இரு வகைப்படும். நீர்ம இணைப்பு என்பது முறுக்குவிசையை அப்படியே கடத்துமேயன்றிப் பெருக்காது. ஹைட்ரா-மேட்டிக் இவ்வகையைச் சார்ந்தது. முறுக்குவிசை மாற்றி என்பது இரு விசிறிகளுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் உறுப்பைக் கொண்டது. வண்டி புறப்படும் நேரத்தில் இது முறுக்குவிசையைப் பெருக்கித் தரும். பவர்கிளைடு, ஃபோர்டோமேட்டிக் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. இரு வகையிலும் விசிறிகளுக்கு இடையே ஏற்படும் நழுவலால் எஞ்சின் திறனில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது.

பிக்கப் சரக்குந்துகளில் அறிமுகம்

இராணுவத் தேவையே இங்கும் வழிகாட்டியது. கொரியப் போர்க் காலத்தில் ஜி.எம்.சி. தயாரித்த எம்135 வகை இரண்டரை டன் இராணுவச் சரக்குந்துகளில் ஹைட்ரா-மேட்டிக் பொருத்தப்பட்டது. இதனையடுத்து 1953 இல் ஜி.எம்.சி. தனது பொதுமக்களுக்கான இலகு சரக்குந்துகளில் ஹைட்ரா-மேட்டிக்கை விருப்பத் தெரிவாக அளித்தது.

அதே 1953 இல் ஃபோர்டு, எஃப்-1 வண்டிக்குப் பதிலாக எஃப்-100 என்னும் புதிய பிக்கப் வண்டியை வெளியிட்டது. ஓட்டுநரின் வசதியை முன்வைத்து வடிவமைக்கப்பட்ட இவ்வண்டியில் ஃபோர்டோமேட்டிக்கைக் கூடுதல் விலை கொடுத்துப் பெறலாம். செவ்ரோலெட் 1954 இல் ஹைட்ரா-மேட்டிக்கைத் தனது பிக்கப் வண்டிகளுக்கு அளித்தது.

டாட்ஜ் நிறுவனம் இடைநிலையான ஒரு வழியை மேற்கொண்டது. 1953 இல் அது அளித்த 'டிரக்-ஓ-மேட்டிக்' முழுத் தானியங்கி அன்று. அதில் கிளட்ச் மிதிகட்டை இருந்தது. வண்டியைப் புறப்படுத்தவும், உயர், தாழ் வரம்புகளுக்கிடையே மாற்றவும் கிளட்சை மிதிக்க வேண்டும். வரம்புக்குள் நிகழும் மாற்றம் மட்டும், ஓட்டுநர் வேகமிதியிலிருந்து காலை எடுக்கும்போது தானாக நிகழும். 1957 இல் டாட்ஜ், பொத்தான்களால் இயக்கப்படும் மூன்று கியர் கொண்ட 'லோட்ஃபிளைட்' என்னும் முழுத் தானியங்கிக் கியர்பெட்டியை அளித்தது.

இவற்றுள் எதுவும் வண்டியுடன் இயல்பாகக் கிடைத்த பொருள் அன்று. எல்லா நிறுவனங்களிலும் மூன்று கியர் கொண்ட கைமாற்றுப் பெட்டியே இயல்பான அமைப்பாக இருந்தது. நான்கு கியர் கொண்ட கனரகக் கைமாற்றுப் பெட்டி, தானியங்கி ஆகியவை கூடுதல் விலைக்கு உரியவை.

அரிதாக இருந்தமைக்கான காரணங்கள்

தாழ்ந்த கியரின் வலிமை: சுமையுடன் மேட்டில் புறப்படும் வண்டிக்கு முதற்கியர் விகிதம் முதன்மையானது. ஜெனரல் மோட்டார்சின் எஸ்.எம்.420 என்னும் நான்கு கியர் கைமாற்றுப் பெட்டியின் முதற்கியர் விகிதம் 7.05 ஆகும். அதாவது எஞ்சின் ஏறத்தாழ ஏழு சுற்றுச் சுற்றினால் பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். முறுக்குவிசையும் ஏறத்தாழ ஏழு மடங்காகும். அமெரிக்க ஓட்டுநர்கள் இக்கியரைப் 'பாட்டி கியர்' என்று அழைத்தனர். வண்டியை நடை வேகத்துக்கும் குறைவாக ஊரவிட்டு, வயலில் வைக்கோல் கட்டுகளை ஏற்ற இது உதவியது. மகிழுந்துகளில் வந்த முதல் ஹைட்ரா-மேட்டிக்கின் முதற்கியர் விகிதம் 3.82 மட்டுமே. பவர்கிளைடின் தாழ்ந்த கியர் விகிதமோ 1.82 ஆகும். முறுக்குவிசை மாற்றி இதற்குச் சற்று வலுவூட்டினாலும் அது ஏழு மடங்கை எட்டவில்லை. செவ்ரோலெட் பிக்கப் வண்டிகளுக்குத் தனது சொந்தப் பவர்கிளைடை விடுத்து நான்கு கியர் ஹைட்ரா-மேட்டிக்கை முதலில் தெரிவு செய்தமை இவ்வேறுபாட்டோடு பொருந்துகிறது.

எஞ்சின் திறன்: 1953 ஃபோர்டு எஃப்-100 வண்டியின் வி-8 எஞ்சின் 100 குதிரைத்திறனையும் ஆறு உருளை எஞ்சின் 101 குதிரைத்திறனையும் தந்தன. 1954 செவ்ரோலெட் எஞ்சினின் திறன் 112 குதிரைத்திறன். இத்தகைய சிறு திறனிலிருந்து நீர்ம இணைப்பின் நழுவலுக்கும் எண்ணெய் இறைப்பிக்கும் ஒரு பங்கு போய்விட்டால், சுமை இழுக்க எஞ்சுவது குறைவு. எரிபொருட் செலவும் கூடும்.

விலை: பிக்கப் வண்டியை வாங்கியோர் பெரும்பாலும் உழவரும் சிறு வணிகரும் கைவினைஞருமே. அவர்கள் வண்டியில் சூடேற்றி, இரண்டாவது கண்ணாடித் துடைப்பான் போன்றவற்றைக் கூட வேண்டாமென்று விட்டுவிடுவது உண்டு. உழைப்பில் ஈட்டித் தராத ஒரு வசதிக்குப் பணம் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை.

பழுதுபார்ப்பு: கைமாற்றுப் பெட்டியைக் கிராமப்புறப் பட்டறையிலோ தன் வீட்டுக் கொட்டகையிலோ கழற்றிப் பூட்டலாம். ஹைட்ரா-மேட்டிக்கின் உள்ளே எண்ணெய் வழிகள், அடைப்பிதழ்கள், பட்டைகள், பல்தட்டுக் கிளட்சுகள் ஆகியவை நிறைந்திருந்தன. அதற்குத் தனிப் பயிற்சியும் தனிக் கருவிகளும் தேவைப்பட்டன. அறுவடைக் காலத்தில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் உழவருக்கு ஏற்படும் இழப்பு பெரிது.

பி.டி.ஓ. இணைப்பு: எஞ்சின் திறனைக் கியர்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து எடுத்து, இழுவை உருளை, நீரிறைப்பி, தொட்டியைத் தூக்கும் கருவி முதலியவற்றை இயக்கும் இணைப்பு பி.டி.ஓ. எனப்படுகிறது. கனரகக் கைமாற்றுப் பெட்டிகளில் இதற்கெனத் தனித் திறப்பு இருந்தது. மகிழுந்துகளுக்கென உருவான தானியங்கிப் பெட்டிகள் இத்தேவையைக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல.

இறக்கத்தில் கட்டுப்பாடு: சுமையுடன் மலைச்சரிவில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் விட்டு எஞ்சினாலேயே வண்டியை அடக்குவது வழக்கம். தொடக்ககாலத் தானியங்கிகளில் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் வாய்ப்புக் குறைவு. 1952 இல் வந்த இருவரம்பு ஹைட்ரா-மேட்டிக்கில், நான்காம் கியருக்குச் செல்லாமல் மூன்றாம் கியரிலேயே நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டது. இக்குறை அதனால் ஓரளவு நீங்கியது.

மின்கலம் இறங்கினால்: அக்காலத்து மின்கலங்கள் குளிர்காலத்தில் எளிதில் வலுவிழக்கும். கைமாற்று வண்டியை ஒரு சிறு சரிவில் உருட்டிவிட்டுக் கிளட்சை விடுவித்துக் கிளப்பிவிடலாம். தானியங்கி வண்டியைத் தள்ளிக் கிளப்ப வேண்டுமாயின், பின்புற எண்ணெய் இறைப்பி அழுத்தம் தரும் அளவுக்கு அதனைக் கணிசமான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மற்றொரு வண்டியின் உதவி தேவை.

மனப்பாங்கு: சரக்குந்து ஓட்டுவது ஒரு திறமையாகக் கருதப்பட்டது. தானியங்கி மகிழுந்து குடும்பத்துக்கும் நகரத்துக்கும் உரியது என்றும், பிக்கப் வண்டி வேலைக்கு உரியது என்றும் எண்ணம் நிலவியது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1952 முதல் ஹைட்ரா-மேட்டிக்கைத் தன் மகிழுந்துகளில் பயன்படுத்தியமை, அது எத்தகைய வாங்குவோருடன் தொடர்புபடுத்தப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

லிவோனியா தீவிபத்து

பிக்கப் வண்டிகளில் தானியங்கிக் கியர்பெட்டி அறிமுகமான அதே ஆண்டில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியா நகரில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை 1953 ஆகஸ்ட் 12 அன்று தீக்கிரையானது. வெட்டும் பணியில் ஈடுபட்டிருந்த சுடர்க்கருவியின் பொறி எரியக்கூடிய நீர்மத்தில் பட்டுத் தீ மூண்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தொழிற்சாலை முழுவதும் அழிந்தது.

ஹைட்ரா-மேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் மட்டுமன்றி நாஷ், ஹட்சன், கைசர் போன்ற பிற நிறுவனங்களும் வாங்கிப் பயன்படுத்தி வந்தன. ஃபோர்டின் லிங்கன் மகிழுந்துகளுக்கும் அதுவே சென்றது. தட்டுப்பாடு காரணமாகப் போன்டியாக் மகிழுந்துகளில் பவர்கிளைடும், ஓல்ட்ஸ்மொபில், கேடிலாக் மகிழுந்துகளில் டைனாஃப்ளோவும் தற்காலிகமாகப் பொருத்தப்பட்டன. போர்க் காலத்தில் குண்டுவீச்சு வானூர்திகள் தயாரிக்கப்பட்ட வில்லோ ரன் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் பெற்று, அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. விலையுயர்ந்த மகிழுந்துகளுக்கே பெட்டிகள் போதாத அம்மாதங்கள், சரக்குந்துகளில் இத்தெரிவு பரவுவதற்கு ஏற்ற காலமாக இருக்கவில்லை.

நிலைமை மாறியது

மாற்றம் மகிழுந்தின் பக்கமிருந்து வந்தது. 1957 இல் ஃபோர்டு ராஞ்சேரோ, 1959 இல் செவ்ரோலெட் எல் கமீனோ ஆகியவை மகிழுந்தின் உடலில் சரக்குத் தொட்டியைக் கொண்டு வெளிவந்தன. மகிழுந்துக்குக் கிடைத்த தானியங்கிக் கியர்பெட்டிகள் இவற்றுக்கும் கிடைத்தன.

1960களில் பிக்கப் வண்டி குடும்ப வண்டியாகவும் மாறத் தொடங்கியது. 1960 மாதிரி செவ்ரோலெட் பிக்கப் வண்டிகளில் தனித்தியங்கும் முன்சக்கரத் தொங்கல் அமைப்பு வந்தது. தொட்டியின் மேல் தங்கும் அறையைப் பொருத்திச் சுற்றுலா செல்வது பரவியது. ஃபோர்டு 1965 இல் இதற்கெனத் தனி வண்டித் தொகுப்பையே விற்றது. எஞ்சின்களின் திறன் பெருகியதால் நழுவல் இழப்பு பெரிதாகத் தோன்றவில்லை. 1960களின் இறுதியில் டர்போ ஹைட்ரா-மேட்டிக், ஃபோர்டின் சி6 ஆகிய உறுதியான மூன்று கியர் தானியங்கிகள் பிக்கப் வண்டிகளில் இடம்பெற்றன. எளிய அமைப்பும் முறுக்குவிசை மாற்றியும் கொண்ட இவை சுமை இழுப்பதற்கும் ஏற்றவையாக இருந்தன.

காலப்போக்கில் நிலைமை தலைகீழாயிற்று. ஃபோர்டு எஃப்-150 வண்டியில் கைமாற்றுக் கியர்பெட்டி 2008 மாதிரி ஆண்டோடு முடிவுற்றது. அமெரிக்காவின் பெரிய பிக்கப் வண்டிகளில் இறுதிவரை அதனைத் தக்கவைத்திருந்த ராம் கனரக வண்டிகளிலும் 2018 மாதிரியுடன் அது நின்றது. ஒரு காலத்தில் அரிதாக இருந்த தானியங்கி இயல்பானதாகவும், இயல்பாக இருந்த கைமாற்றுப் பெட்டி அரிதாகவும் மாறியது.

பழைய வண்டிகளைப் பேணுதல்

தானியங்கிக் கியர்பெட்டியுடன் இன்று காணப்படும் 1950களின் பிக்கப் வண்டி, தொழிற்சாலையிலிருந்து அவ்வாறே வந்தது என்று கொள்ள இயலாது. 1969 இல் வந்த டர்போ ஹைட்ரா-மேட்டிக் 350, 1982 இல் வந்த 700-ஆர்4, 1964 இல் வந்த ஃபோர்டு சி4 போன்ற பிற்காலப் பெட்டிகளைப் பழைய வண்டிகளில் பொருத்துவது பரவலான வழக்கமாகும். நெரிசலான சாலைகளில் ஓட்டுவதற்கு அவை எளிதாக உள்ளமையே இதற்குக் காரணம்.

இம்மாற்றம் இருவகை வண்டிகளையும் பாதிக்கிறது. கைமாற்றுப் பெட்டி கொண்டவை தம் இயல்பை இழக்கின்றன. தொடக்க காலத் தானியங்கி கொண்டவையோ, உதிரிப்பாகங்களும் அவற்றை அறிந்த பணியாளரும் அரிதாகிவிட்டதால், புதிய பெட்டிக்கு மாற்றப்படுகின்றன. கழற்றப்பட்ட ஹைட்ரா-மேட்டிக் பழைய இரும்புக்குச் சென்றுவிட்டால், ஏற்கனவே சிலவாக இருந்த சான்றுகளில் மேலும் ஒன்று குறைகிறது. கழற்றிய பெட்டியை வண்டியுடனேயே சேமித்து வைப்பது இதனால் பயனுள்ளதாகும்.

தொடக்க கால ஹைட்ரா-மேட்டிக்கை இனங்காண ஓர் எளிய அடையாளம் உண்டு. அதன் நெம்புகோல் அளவையில் வண்டியை நிறுத்திவைப்பதற்கான 'பி' நிலை இல்லை. எஞ்சினை நிறுத்தியபின் நெம்புகோலைப் பின்செல்லும் நிலையில் வைத்தால், பற்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி நகராமல் நிற்கும். இதனை அறியாதோர் நடுநிலையில் விட்டுச் சென்றால், சரிவில் நிற்கும் வண்டி உருண்டுவிடும் ஆபத்து உள்ளது.

கால வரிசை

1905 – நீர்ம இணைப்புக்கு ஃபோட்டிங்கர் காப்புரிமை பெற்றார்.
1925 – கோள்வகைப் பற்சக்கரங்களுடன் ஃபோர்டின் தொழிற்சாலைப் பிக்கப் வண்டி வெளிவந்தது.
1928 – கேடிலாக் மகிழுந்துகளில் ஒத்தியக்கக் கியர்பெட்டி வந்தது.
1940 – ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துகளில் ஹைட்ரா-மேட்டிக் வந்தது.
1950 – செவ்ரோலெட் மகிழுந்துகளில் பவர்கிளைடு வந்தது.
1953 – ஜி.எம்.சி., ஃபோர்டு பிக்கப் வண்டிகளில் தானியங்கி, டாட்ஜில் பகுதித் தானியங்கி, லிவோனியா தீவிபத்து.
1954 – செவ்ரோலெட் பிக்கப் வண்டிகளில் ஹைட்ரா-மேட்டிக் வந்தது.
1957 – டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் பொத்தான்களால் இயங்கும் லோட்ஃபிளைட் வந்தது.
2008 – ஃபோர்டு எஃப்-150 வண்டியில் கைமாற்றுப் பெட்டியின் இறுதி மாதிரி ஆண்டு.
2018 – ராம் கனரகப் பிக்கப் வண்டிகளில் கைமாற்றுப் பெட்டியின் இறுதி மாதிரி ஆண்டு.